உளுந்துக்கு மானியம் வாங்கி பிரயோஜனம் உண்டா?

திருத்துறைப்பூண்டி பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. மூணு ஏக்கர் சொந்த நிலம், ஒரு ஏக்கர் குத்தகை, சம்பா அறுத்ததும் தரிசா கிடக்குது, உளுந்து போட்டா கவர்மெண்ட்ல மானியம் நிறைய இருக்குன்னு சொல்றாங்க, அது என்னென்ன, அலைஞ்சு வாங்குற அளவுக்கு அதுல பிரயோஜனம் இருக்கா, குத்தகை நிலத்துக்கும் கிடைக்குமான்னு. நான் மன்னார்குடி பக்கம், இருபது வருஷமா தை மாசம் உளுந்து தெளிக்கிற ஆளு, நடுவுல நாலு வருஷம் விதைப்பண்ணையும் எடுத்துப் பாத்தவன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல மானியம்னு சொன்னதும் எல்லாரும் நினைக்கிற விதை மானியத்த பாத்துடுவோம். உங்க ஊர் அக்ரி டிப்போவுல (வேளாண்மை விரிவாக்க மையம்னு போர்டு இருக்கும், ஆனா டிப்போன்னு கேட்டாதான் வழி சொல்லுவாங்க) சான்று பெற்ற உளுந்து விதை பாதி விலைக்கு கிடைக்கும். இந்தக் காசு பெரும்பாலும் வர்றது தேசிய உணவுப் பாதுகாப்பு இயக்கத்துல இருந்து, 2007-08ல நெல், கோதுமை, பயறுன்னு மூணுக்கும் ஆரம்பிச்சது, செலவுல மத்திய அரசு 60 பங்கு மாநிலம் 40 பங்கு. இப்ப கணக்கு போடுங்க. நெல் தரிசுக்கு, அதாவது நெல் அறுத்த வயல்ல மிச்ச ஈரத்துலயே வர்ற உளுந்துக்கு, ஏக்கருக்கு பத்துலேருந்து பன்னெண்டு கிலோ விதை வேணும். கிலோ 130 ரூபாய்னு வெச்சுக்குவோம், பத்து கிலோ 1,300, பாதி மானியம்னா மிச்சம் 650 ரூபாய். அவ்வளவுதான். ரெண்டு தடவ டிப்போவுக்கு பைக்ல போயிட்டு வந்த பெட்ரோல், ஒரு நாள் வேலை கெட்டது எல்லாம் கழிச்சா கையில நிக்கிறது டீ செலவு.

வேண்டாம்னு நான் சொல்லல, வாங்குங்க, ஆனா காசுக்காக இல்ல, சான்று விதைங்கிறதுக்காக. கடையில பருப்பு உடைக்க வந்த உளுந்த வாங்கி தெளிச்சவங்க வயல் மாசி கடைசியில எப்படி இருக்கும்னு போய் பாருங்க, மஞ்சள் தேமல் விழுந்து தூரத்துலேருந்து பாத்தா கடுகு பூத்த மாதிரி தெரியும். வெள்ளை ஈ பரப்புற நோய், வந்த பிறகு மருந்தடிச்சு செடிய காப்பாத்த முடியாது, முன்னாடியே எதிர்ப்பு உள்ள ரகமா போடணும். இங்கதான் ஒரு சிக்கல். மானிய விதிமுறையில புது ரகத்துக்கு கூடுதல் மானியம், வெளியாகி பத்து வருஷம் தாண்டிய ரகத்துக்கு கம்மி. டெல்டாவுல நம்ம ஆளுங்க இன்னும் கேக்குறது ஏடிடி 3, அது எண்பதுகள்ல வந்த ரகம், அதனால டிப்போவுல அது இருக்காது, வம்பன் ரகம்தான் இருக்கும். வம்பன்னா புதுக்கோட்டை மாவட்டத்துல இருக்குற தேசிய பயறு ஆராய்ச்சி மையம், அங்க வர்ற ரகத்துக்கு விபிஎன்னு பேரு, விபிஎன் 8 நம்ம பக்கம் நல்லா பரவிடுச்சு. ஆனா ஒரு விஷயம், இறவைக்கு, அதாவது தண்ணி பாய்ச்சி வளக்குறதுக்கு, நல்லா வர்ற ரகம் எல்லாம் தரிசு ஈரத்துல வராது. தரிசுக்குன்னே ஏடிடி 6 இருக்கு, கிடைச்சா அத கேளுங்க, கிடைக்கலன்னா டிப்போவுல "இது தரிசுக்கா, இறவைக்கா"ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு மூட்டைய தூக்குங்க. மானியம் இருக்குன்னு எதையாவது வாங்கிட்டு வந்து தெளிச்சவங்கள பாத்திருக்கேன்.

விதையோட சேத்து ரைசோபியம் (வேர் முடிச்சு பாக்டீரியா) பாக்கெட், நுண்ணூட்டம், பயறு ஒண்டர் இதெல்லாமும் மானியத்துல தருவாங்க. பயறு ஒண்டர்ங்கிறது சத்தும் வளர்ச்சி ஊக்கியும் கலந்தது, கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் தயாரிக்கிறது, ஏக்கருக்கு ரெண்டு கிலோ, பூக்குற நேரத்துல தெளிக்கணும். அது கிடைக்கலன்னா பழைய வழி, நாலு கிலோ டிஏபி உரத்த பத்து லிட்டர் தண்ணியில முதல் நாள் ராத்திரியே ஊறப் போட்டுட்டு காலையில மேலாக தெளிஞ்ச தண்ணிய மட்டும் துணியில வடிகட்டி 200 லிட்டர் ஆக்கி சாயங்காலமா அடிக்கணும், பூக்கும்போது ஒண்ணு, பதினஞ்சு நாள் கழிச்சு ஒண்ணு. வடிகட்டாம அடிச்சா நாசில் அடைச்சுக்கும், அடியில நிக்கிற கசடு சாம்பல் மாதிரி இருக்கும், அத வரப்புல இருக்குற தென்னைக்கு ஊத்திடுங்க. பூ கொட்டாம காய் பிடிக்கிறதுக்கு இந்த ரெண்டு தெளிப்புதான் காரணம், இத விட்டுட்டு வேற எத பண்ணாலும் வீண்.

இப்ப அந்த டிஏபி கணக்கையே எடுத்துக்குங்க, இதுலதான் பெரிய விஷயம் ஒளிஞ்சிருக்கு. ரெண்டு தெளிப்புக்கு சேத்து ஏக்கருக்கு எட்டு கிலோ. ஐம்பது கிலோ மூட்டை 1,350 ரூபாய், ஒரு மூட்டை ஆறு ஏக்கருக்கு வந்துடும். யூரியா? உளுந்துக்கு தேவையே இல்ல, வேர் முடிச்சுல இருக்குற பாக்டீரியா காத்துலேருந்து தழைச்சத்த எடுத்துக் கொடுத்துடுது. 45 கிலோ யூரியா மூட்டை நமக்கு 266 ரூபாய் 50 காசுக்கு வருதுன்னா அது உண்மை விலை இல்ல, அத விட பல மடங்கு கவர்மெண்ட் கம்பெனிக்கு கொடுக்குது. ஆக இந்த நாட்டோட பெரிய விவசாய மானியம் எதுல போகுதுன்னா மூட்டை மூட்டையா உரம் போடுறவனுக்கு போகுது. தண்ணிக்கும் அதே கதை, தமிழ்நாட்டுல பம்ப்செட்டுக்கு கரண்ட் ஃப்ரீ, தண்ணி இறைக்காத உளுந்துக்காரனுக்கு அதுல என்ன பங்கு? உரம் வேண்டாம், தண்ணி வேண்டாம்னு மிச்சம் பண்ணிக் கொடுக்குற பயிருக்கு மானியம் கம்மி, ரெண்டையும் குடிக்கிற பயிருக்கு ஜாஸ்தி. நெல்லு போடாதீங்கன்னு சொல்ல வரல, நானும் நெல்லுக்காரன்தான். ஆனா மானியம்னு டிப்போ ஸ்டாக் போர்டுல எழுதி இருக்குறத மட்டும் பாத்தா முழு படம் தெரியாது.

இத நான் சொல்றேன்னு நினைக்காதீங்க. 2016ல பயறு விலை பத்தி ஆராய மத்திய அரசு அப்ப தலைமைப் பொருளாதார ஆலோசகரா இருந்த அரவிந்த் சுப்பிரமணியன் தலைமையில ஒரு குழு போட்டுச்சு, அவங்க ரிப்போர்ட்லயும் இதே பேச்சுதான், பயறு போடுற விவசாயி உரம், தண்ணி, கரண்ட் எல்லாம் மிச்சம் பண்ணி, மண்ணையும் நல்லா வெச்சு ஊருக்கே ஒரு நன்மை பண்றான், அந்த நன்மைக்கு சந்தையில அவனுக்கு காசு வர்றதில்ல, அத கணக்குல எடுத்து ஆதரவு விலைய (மத்திய அரசு அறிவிக்கிற குறைந்தபட்ச கொள்முதல் விலை) ஏத்தணும்னு. விலைய ஏத்தவும் செஞ்சாங்க, அத ஒத்துக்கணும். 2014-15ல உளுந்துக்கு குவிண்டால் 4,350 ரூபாயா இருந்த ஆதரவு விலை 2018-19ல 5,600 ஆச்சு, 2024-25ல 7,400, 2025-26க்கு 7,800. பச்சைப்பயறு 8,768, துவரை 8,000. பேப்பர்ல பாத்தா அருமையான ரேட்டு.

ஆனா ஆதரவு விலைன்னு ஒண்ணு அறிவிக்கிறதும் அந்த விலைக்கு உங்க மூட்டைய ஒருத்தர் எடுக்குறதும் ஒண்ணு இல்ல. நெல்லுக்கு நம்ம ஊர்ல தெருவுக்கு தெரு டிபிசி இருக்கு, நேரடி கொள்முதல் நிலையம், மத்திய அரசு விலைக்கு மேல மாநில அரசு ஊக்கத்தொகை வேற, 2025 செப்டம்பர்லேருந்து சன்ன ரகம் 2,545, பொது ரகம் 2,500. அங்கயும் மூட்டைக்கு இவ்வளவுன்னு கை நீட்டுறாங்க, மழையில நனைய விடுறாங்க, ஆயிரம் குறை இருக்கு, ஆனா நெல்லு விக்காம நின்னு போயிடுமோங்கிற பயம் நமக்கு கிடையாது. உளுந்துக்கு அந்த மாதிரி கிடையாது. விலை ஆதரவுத் திட்டம்னு ஒண்ணு, 2018ல பிஎம் ஆஷாங்கிற பேர்ல சேத்து கட்டினாங்க, அதுல மாநில அரசு முன்கூட்டியே கேட்டு, மத்திய அரசு இத்தன டன்னுன்னு அனுமதி கொடுத்து, நாஃபெட்ங்கிற மத்திய கூட்டுறவு நிறுவனம் காசு போட்டு, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல குறிப்பிட்ட சில மாசத்துக்கு மட்டும் கொள்முதல் நடக்கும். மாநிலத்து விளைச்சல்ல கால் பங்குதான் எடுப்போம்னு ஒரு வரம்பும் ரொம்ப நாளா இருந்துச்சு. துவரை, உளுந்து, மசூர் மூணுக்கும் அந்த வரம்ப எடுத்துட்டாங்க, 2025 பட்ஜெட்ல அத இன்னும் நாலு வருஷத்துக்குன்னு நீட்டிச்சாங்க. உங்க கேள்விக்கு உண்மையான பதில் இந்த இடத்துலதான் இருக்கு தம்பி.

திரும்ப கணக்கு. தரிசு உளுந்து நல்லா வந்தா ஏக்கருக்கு மூணு குவிண்டால். வியாபாரி களத்துக்கே வந்து 6,800க்கு கேக்குறான், விற்பனைக்கூடத்துல 7,800க்கு எடுக்குறாங்கன்னா வித்தியாசம் ஏக்கருக்கு 3,000 ரூபாய். விதை மானியம் 650ஓட இத வெச்சுப் பாருங்க. அதனாலதான் சொல்றேன், விதைக்கு டிப்போவுல நிக்கிறதுல காட்டுற ஆர்வத்துல பாதிய விக்கிறதுக்கான பேப்பர ரெடி பண்றதுல காட்டுங்க.

அந்த பேப்பர் என்னன்னா சிட்டா (நிலம் யார் பேர்லன்னு சொல்றது), அடங்கல் (எந்த நிலத்துல எந்த போகம் என்ன பயிர்னு எழுதுற கிராமக் கணக்கு), ஆதார், பேங்க் பாஸ்புக். இதுல மூணு எப்பவும் வீட்ல இருக்குறது, அடங்கல் மட்டும் அந்தந்த போகத்துக்கு புதுசா எழுதணும். இதுல நான் பட்டத சொல்றேன். ஒரு வருஷம் எனக்கு ஏழு மூட்டை தேறுச்சு, வெளியில ரேட்டு விழுந்து கிடந்த வருஷம், கூடத்துக்கு போனேன். அடங்கல் காப்பிய வாங்கிப் பாத்தாரு அங்க இருந்தவரு, பாத்துட்டு என்ன பாத்தாரு. என் சர்வே நம்பருக்கு நேரா முதல் போகம் குறுவை, ரெண்டாம் போகம் தாளடின்னு ரெண்டு நெல்லும் இருக்கு, அடுத்த கட்டம் தரிசு. ஏழு மூட்டை உளுந்து வாசல்ல டாட்டா ஏஸ்ல நிக்குது, ரெக்கார்டு படி என் நிலத்துல ஒண்ணுமே விளையல. தப்பு என் மேலயும்தான், தை மாசம் தெளிச்சதும் கிராம நிர்வாக அலுவலர பாத்து பதிவு பண்ணச் சொல்லி இருக்கணும், அறுப்பு அவசரத்துல விட்டுட்டேன். திருத்தி வாங்கிட்டு வர்றதுக்குள்ள நாலு நாள், அந்த நாலு நாளும் வண்டி வாடகை கட்டுபடியாகாதுன்னு கூடத்துக்கு பக்கத்துல ஒரு சொந்தக்காரர் வீட்டு திண்ணையில மூட்டைய அடுக்கி வெச்சிருந்தேன்.

அதோட முடியல. அஞ்சாம் நாள் மாய்ஸ்சர் பாத்தாங்க. ஒரு கை உளுந்த அள்ளி அந்த மீட்டருக்குள்ள கொட்டி ஒரு பட்டன அழுத்துனா நம்பர் வரும், 12 சதவீதத்துக்கு மேல இருந்தா எடுக்க மாட்டாங்க. எனக்கு 13.4 வந்துச்சு. திண்ணையில வெச்சதுல பனி இறங்கி இருக்கு. கூடத்து சிமெண்ட் களத்துலயே கொட்டி, காலால கோடு கோடா இழுத்து விட்டு, மதியம் வரைக்கும் புரட்டி, மூணு மணிக்கு திரும்ப பாத்தா 11.8. கல்லு, மண்ணு, தூசு 2 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு இன்னொரு விதி, ரோட்டுல போட்டு டிராக்டர் ஏத்தி அடிச்ச உளுந்துல அது எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், சல்லடை போட்டு ஒரு தடவ சலிச்சுட்டு போங்க. பல்லுல கடிச்சா சத்தம் டக்குன்னு வரணும், நசுங்குனா இன்னும் ஒரு வெயில் வேணும்னு அர்த்தம், எங்க அப்பா காலத்து மீட்டர் அதுதான், இப்பவும் தப்பினது இல்ல. காசு நேரா அக்கவுண்ட்ல ஏறுச்சு, அதுல ஒரு பைசா யாருக்கும் கொடுக்கல, அதையும் சொல்லணும்ல.

இன்னொரு உண்மை, எல்லா வருஷமும் கூடத்துக்கு போக வேண்டிய அவசியம் வராது. 2024ல உளுந்து வெளி மார்க்கெட்லயே ஆதரவு விலைய விட நல்லா மேல போச்சு, கூடத்துப் பக்கம் தலை வெச்சு படுக்க ஆள் இல்ல. அடுத்த வருஷமே இறங்குச்சு. ஏன் இறங்குச்சுன்னு பாத்தா அதுக்கும் நம்ம வயலுக்கும் சம்பந்தமே இல்ல, பர்மாவுல இருந்து கப்பல் வருது.

இந்த இறக்குமதி கதைய கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா மானியம் ஒரு கையில கொடுத்து இன்னொரு கையில எடுக்குறது இப்படித்தான். 2015 கடைசியில துவரம் பருப்பு கிலோ 200 ரூபாய் போச்சே ஞாபகம் இருக்கா, சாம்பார்ல பருப்ப தேடணும்னு ஜோக் அடிச்ச வருஷம். அந்த விலைய பாத்துட்டு நாடு முழுக்க துவரை போட்டாங்க, மழையும் நல்லா பெஞ்சுது, 2016-17ல மொத்த பயறு விளைச்சல் 230 லட்சம் டன்னுக்கு மேல போச்சு. அதே நேரம் விலை ஏறுச்சேன்னு வெளிநாட்டுல ஆர்டர் போட்ட சரக்கும் வந்து இறங்குச்சு, மொசாம்பிக்கோட வருஷத்துக்கு இவ்வளவு எடுக்குறோம்னு ஒப்பந்தம் வேற. என்ன ஆகும்? போனஸ் சேத்து 5,050 ஆதரவு விலை சொன்ன துவரை கர்நாடகத்துல குல்பர்கா பக்கமெல்லாம் அதுக்கு ரொம்ப கீழ போச்சு, கொள்முதல் நிலையத்துல சாக்கு இல்லன்னு விவசாயி வரிசையில நின்னான். அப்புறம் 2017 ஆகஸ்ட்ல துவரை, உளுந்து, பச்சைப்பயறு இறக்குமதிக்கு கட்டுப்பாடு போட்டாங்க. 2021 மே மாசம் விலை ஏறுதுன்னு திரும்ப துவரைக்கும் உளுந்துக்கும் கதவ திறந்தாங்க, வருஷா வருஷம் நீட்டிச்சுகிட்டே வந்தாங்க, பர்மாவோட வருஷத்துக்கு ரெண்டரை லட்சம் டன் உளுந்து, ஒரு லட்சம் டன் துவரைன்னு ஒப்பந்தம். 2023 டிசம்பர்ல மஞ்சள் பட்டாணிக்கு வரியே இல்லாம விட்டாங்க, அது கனடா, ரஷ்யாவுல இருந்து மலிவா வந்து கடலை மாவுலயும் பருப்புலயும் கலந்துச்சு, ஒரு பருப்பு மலிஞ்சா எல்லா பருப்பு விலையும் சேந்து இறங்கும். 2025 நவம்பர்லதான் அதுக்கு 30 சதவீதம் வரி வந்துச்சு. 2024-25ல இந்தியா இறக்குமதி பண்ணின பயறு 70 லட்சம் டன்னுக்கு மேல, அதுக்கு முன்னாடி எந்த வருஷமும் அவ்வளவு வந்தது கிடையாது.

டவுன்ல இருக்குறவங்களுக்கு பருப்பு மலிவா கிடைக்கணும்கிறதுல தப்பு சொல்ல முடியாது. 2007ல இருந்து தமிழ்நாட்டு ரேஷன்ல துவரம் பருப்பு மலிவா கொடுக்குறாங்க, இப்ப கிலோ 30 ரூபாய், நம்ம வீட்லயும் அதத்தான் சாப்பிடுறோம், கனடா பருப்பு போட்ட காலத்துல திட்டிகிட்டே சாப்பிட்டோம். ஆனா விவசாயிக்கு கிலோவுக்கு 65 ரூபாய் விதையில மிச்சம் பண்ணிக் கொடுத்துட்டு, அவன் விளைஞ்சத விக்கிற மாசத்துல கப்பல இறக்கி விலைய பத்து ரூபா சாச்சா, மொத்தத்துல அவனுக்கு மானியம் கொடுத்திருக்கீங்களா அவன்கிட்ட வாங்கி இருக்கீங்களா? விதை பத்து கிலோ, விளைச்சல் முந்நூறு கிலோ, எந்தப் பக்கம் எடை ஜாஸ்தின்னு தராசு வெச்சா பாக்கணும்?

இப்ப புதுசா வந்திருக்குறது பயறு தற்சார்பு இயக்கம். 2025 பட்ஜெட்ல சொல்லி, அக்டோபர் 1ந்தேதி மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது, 2025-26லேருந்து 2030-31 வரைக்கும் 11,440 கோடி ரூபாய். 2023-24ல 242 லட்சம் டன்னா இருந்த விளைச்சல 350 லட்சம் ஆக்கணுமாம், ஹெக்டேருக்கு 881 கிலோவ 1,130 ஆக்கணுமாம், பரப்பு 275 லட்சம் ஹெக்டேர்லேருந்து 310 லட்சம். கூடுதலா வர்ற 35 லட்சம் ஹெக்டேர் எங்கேருந்து வரும்னு கேட்டா நெல் தரிசுலேருந்தும் ஊடுபயிர்லேருந்தும்னு எழுதி இருக்காங்க, அதாவது உங்க நாலு ஏக்கர் மாதிரி நிலந்தான். 88 லட்சம் விதைப் பை இலவசமா கொடுக்குறது, 1,000 பருப்பு உடைக்கிற, சுத்தம் பண்ற யூனிட்டுக்கு 25 லட்சம் வரைக்கும் மானியம், எல்லாம் இருக்கு. எனக்கு அதுல பிடிச்ச ஒரே வரி, துவரை, உளுந்து, மசூர் மூணையும் பதிவு பண்ணிகிட்ட விவசாயிகிட்ட இருந்து நாலு வருஷத்துக்கு முழுசா நாஃபெட்டும், அதே மாதிரி இன்னொரு கூட்டுறவு நிறுவனமான என்சிசிஎஃப்பும் எடுக்கும்கிறது. "பதிவு பண்ணிகிட்ட"ங்கிற வார்த்தைய அடிக்கோடு போட்டுக்குங்க. இலவச விதைப் பைக்கு வரிசையில நிக்கிற கூட்டம் இந்தப் பதிவுக்கு நிக்காது, நீங்க நில்லுங்க. நிலம் வாங்கின பத்திரம், பட்டா பேரு மாத்தம் பாக்கி இருந்தா இப்பவே முடிங்க, விவசாயி அடையாள எண் இல்லாம இனிமே எந்த மானியமும் நகராது போல இருக்கு, எங்க ஊர்ல தாத்தா பேர்லயே பட்டா வெச்சிருந்தவங்க எல்லாம் இப்பத்தான் முழிக்கிறாங்க.

இன்சூரன்ஸ் பத்தி சுருக்கமா. ராபி பருவ பயறுக்கு காப்பீட்டுத் தொகையில ஒன்றரை சதவீதம்தான் நம்ம பங்கு, மீதி பிரீமியம் ரெண்டு அரசும் கட்டுது, இதுவும் மானியம்தான், யாரும் அப்படி நினைக்கிறது இல்ல. கட்டுங்க. ஆனா உங்க வயல்ல மட்டும் அழிஞ்சா பெருசா வராது, ஊர் அளவுல மாதிரி அறுவடை பண்ணி சராசரி பாத்துதான் கொடுப்பாங்க. 2023 பிப்ரவரி ஆரம்பத்துல மழை கொட்டுச்சே, சம்பா சாஞ்சு, தெளிச்ச உளுந்தும் முளையிலயே அழுகிப் போச்சு, அப்ப மாநில அரசு நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000, தரிசுல போட்ட இளம் பயறுக்கு ஹெக்டேருக்கு 3,000ன்னு நிவாரணம் அறிவிச்சாங்க. ஏக்கருக்கு 1,200 ரூபாய், விதைக் காசு. வாங்கிகிட்டோம், அதுக்கும் அடங்கல்தான் கேட்டாங்க.

விதைப்பண்ணை பத்தி தனியா ஒரு வார்த்தை, இதத்தான் யாரும் கேக்குறது இல்ல. டிப்போவுல ஆதார விதை (சான்று விதை உற்பத்திக்கு போடுற மூல விதை) வாங்கி, விதைச்சான்று துறையில பதிவு பண்ணி, உளுந்த விதைக்குன்னே வளத்துக் கொடுத்தா மார்க்கெட் ரேட்டுக்கு மேல விலை, அதுக்கு மேல உற்பத்தி ஊக்கத்தொகை. ஆளு வந்து வயல்ல இறங்கி பாப்பாங்க, வேத்து ரகச் செடி, தேமல் செடி எல்லாத்தையும் நம்ம கையால பிடுங்கி எறியணும், நாலு வருஷம் எடுத்தேன், முதுகு போச்சு, ஆனா காசு பாத்தது அதுலதான். தரிசுல இது கஷ்டம், போர் இருக்குறவங்க மாசிப் பட்டத்துல இறவையா செய்யலாம். இறவைன்னா தெளிப்பு நீர்ப் பாசனம், மழைத் தூவான் இதுக்கு சிறு குறு விவசாயிக்கு நூறு சதவீதம், மத்தவங்களுக்கு 75 சதவீதம் மானியம் இருக்கு, அதுக்கு தாசில்தார் கொடுக்குற சிறு குறு விவசாயி சான்று வேணும்.

அறுத்த உடனே விக்க வேண்டிய கட்டாயம் இருக்கே, அதுக்கும் ஒரு வழி இருக்கு, விற்பனைக்கூட குடோன்லயே மூட்டைய அடுக்கிட்டு அதோட மதிப்புல 75 சதவீதம் வரைக்கும் பொருளீட்டுக் கடன் வாங்கலாம், 180 நாள் வரைக்கும் வெச்சுகிட்டு விலை வரும்போது விக்கலாம். உளுந்துல வண்டு சீக்கிரம் விழும்கிறதால நல்லா காய வெச்சு கொண்டு போங்க.

குத்தகை நிலம் கேட்டீங்க. சட்டப்படி 1969ல இருந்தே குத்தகை உரிமை பதிவுச் சட்டம் இருக்கு, அதுல பேரு ஏறி இருந்தா உங்க பேர்லயே எல்லாம் வாங்கலாம். வாய் வார்த்தை குத்தகைக்கு எந்த நிலக்காரர் அதுல கையெழுத்து போடுவாரு? நடைமுறையில நடக்குறது என்னன்னா, அடங்கல் அவர் பேர்ல இருக்கும், உளுந்து உங்களோடது, கூடத்துல காசு அவர் அக்கவுண்டுக்குப் போகும். அவரு நல்ல மனுஷனா இருந்தா எடுத்துக் கொடுப்பாரு. அதனால தெளிக்கிறதுக்கு முன்னாடியே அவர்கிட்ட பேசி, சாகுபடி பண்றது நீங்கதான்னு கிராம நிர்வாக அலுவலர்கிட்ட சான்று வாங்க முடியுதான்னு பாருங்க, இன்சூரன்ஸுக்கு அந்த சான்ற எடுத்துக்குவாங்க. விக்கிறதுக்கு முடியலன்னா அந்த ஒரு ஏக்கர் சரக்க மட்டும் வியாபாரிக்கு போட்டுட்டு சொந்த மூணு ஏக்கர் சரக்க கூடத்துக்கு கொண்டு போங்க. நாலையும் கலந்து மூணு ஏக்கர் கணக்குல காட்டலாம்னு சிலர் யோசனை சொல்லுவாங்க, ஏக்கருக்கு இவ்வளவுதான் விளையும்னு அவங்ககிட்ட ஒரு கணக்கு இருக்கும், மாட்டிகிட்டா மொத்த மூட்டையும் திரும்ப வரும்.

கடைசியா, இதெல்லாம் உளுந்து விளைஞ்சா தான. அறுப்புக்கு ஏழு பத்து நாள் முன்னாடி நிக்கிற நெல்லுக்குள்ள மண்ணு மெழுகு பதத்துல இருக்கும்போது தெளிக்கிறதுதான் நம்ம முறை, அப்ப ஆளு வெச்சு அறுத்தோம், இப்ப மிஷின் வருது. டயர் வண்டி இறங்கினா தடம் விழுந்து முளைச்ச உளுந்து வரிசை வரிசையா செத்துடும், பெல்ட் வண்டியா பாத்து சொல்லி வைங்க, வாடகை கூடத்தான், பரவால்ல. வண்டி கிடைக்க லேட்டானா அறுத்த அன்னிக்கே ஈரம் போறதுக்குள்ள தெளிச்சிடுங்க, மறுநாள்னு தள்ளாதீங்க. அப்புறம் மாடு. சம்பா அறுத்ததும் ஊர் மாட்ட எல்லாம் அவுத்து விட்டுடுவாங்க, நீங்க ஒருத்தர் மட்டும் நாலு ஏக்கர் பச்சையா வெச்சிருந்தா அத்தனையும் உங்க வயல்லதான் நிக்கும். பக்கத்து வயக்காரங்க நாலு பேர உக்கார வெச்சு பேசி எல்லாரையும் தெளிக்க வைங்க, பொங்கலுக்கு முன்னாடியே பேசிடுங்க, அப்பத்தான் ஊர்ல தண்டோரா போட்டு மாட்ட கட்டச் சொல்ல முடியும்.